கொடுக்கப் போன இடத்தில் கை ஏந்தலாமா?

கேள்வி:

அன்புள்ள ஐயா, எனக்கு 25 வயது. மானிப்பாயில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். எங்கள் சபையும் வேறு இரண்டு சபைகளும் சேர்ந்து அனுப்பிய ஆறு பேர் குழுவில், ஆறு மாத ஊழியத்துக்காகக் கம்போடியா வந்திருக்கிறேன். பட்டம்பாங் மாகாணத்தில் ஒரு வயல் கிராமம். பாதிக் காலம் முடிந்துவிட்டது. காலையில் இங்குள்ள சிறிய சபையின் பாலர் வகுப்பில் உதவுகிறேன். பின்னேரம் பெரிய பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு.

ஊரில் இருக்கும்போது விடிய ஐந்து மணிக்கு எழும்பி ஜெபிப்பேன். அந்த நேரத்தை நினைத்துக்கொண்டே இரவில் படுப்பேன். இங்கே வேதத்தைத் திறந்தால் எழுத்து மட்டும்தான் தெரிகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் நித்திரை வருகிறது, இல்லாவிட்டால் குழுவில் ஒருவர் மேல் கோபம் வருகிறது. கெமர் மொழி வாயில் நுழையவில்லை. நாங்கள் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மா பௌத்தர். அவர் எங்களுக்குச் சமைத்துப் போடுகிறார், உடுப்பும் தோய்த்துத் தரப் பார்க்கிறார். நாங்கள் அவருக்கு ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை. ஊரிலிருந்து கிழமைக்குக் கிழமை அறிக்கை கேட்கிறார்கள். எத்தனை பேர் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள் என்று. ஒருவருமில்லை.

இன்னொன்று, எழுதவே வெட்கமாயிருக்கிறது. காலையில் பிக்குமார் பாத்திரத்தோடு தெருவில் வரும்போது என் நெஞ்சு இறுகிவிடுகிறது. எங்கள் குடும்பம் 95 இடப்பெயர்வில் வன்னிக்குப் போனது. நான் பிறந்தது கிளிநொச்சியில். போர் முடிந்த 2009இல் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தபோது எனக்குப் பதினொரு வயது. அன்பைச் சொல்ல வந்த நான் இப்படி இருக்கலாமா? ஆவிக்குரிய வாழ்வில் வளரத்தான் வந்தேன். விழுந்துகொண்டிருக்கிறேனோ என்று பயமாயிருக்கிறது. திரும்பி வந்துவிடவா?

மானிப்பாய் வாசகி, கம்போடியாவிலிருந்து

பதில்:

அன்பு மகள்,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்குத் திரும்ப வேண்டாம். மனம் வறண்டு இருண்டு கிடக்கும் நாட்களில், அதற்கு முன் தெளிவோடு எடுத்த தீர்மானத்தை மாற்றக் கூடாது என்பது 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லொயோலா இஞ்ஞாசியார் காட்டிய வழி. நான் கத்தோலிக்கன் இல்லை. ஆனாலும் ஆலோசனைக்கு வருகிறவர்களுக்கு இதை அடிக்கடி சொல்கிறேன், ஏனென்றால் இது எந்தச் சபைக்காரருக்கும் பொருந்தும். நீங்கள் போக முடிவெடுத்தபோது மாதக்கணக்கில் ஜெபித்திருப்பீர்கள், வீட்டாரோடும் போதகரோடும் கதைத்திருப்பீர்கள். அந்த முடிவை மாற்றுவதானால் அதே அளவு தெளிவு வேண்டும். இன்று உங்களிடம் இருப்பது களைப்பு.

ஒரு விலக்கு உண்டு. உங்கள் கடிதத்தைப் போதகராக ஒரு முறையும் உளவளத்துணையாளராக இன்னொரு முறையும் வாசித்தேன். நித்திரை ஒழுங்காக வருகிறதா? சாப்பாடு இறங்குகிறதா? கெட்ட கனவு, திடுக்கிட்டு எழும்புவது, காரணமில்லாத அழுகை, இருந்து என்ன பயன் என்ற நினைப்பு, இவற்றில் ஏதாவது இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்து இருந்தால், அதற்கு ஆவிக்குரிய வறட்சி என்று பெயர் வைத்து ஜெபத்தால் மட்டும் சமாளிக்கப் பார்க்காதீர்கள். குழுத் தலைவரிடம் சொல்லி ஒரு வைத்தியரைப் பாருங்கள். வாழவே விருப்பமில்லை என்ற நினைப்பு ஒரு நாள் வந்தாலும் அன்றைக்கே சொல்லுங்கள், இரண்டு கிழமை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அப்படியானால் திரும்பி வருவதும் சரியான முடிவாக இருக்கலாம். பட்டம்பாங் கண்ணிவெடி அதிகம் புதைக்கப்பட்ட மாகாணங்களில் ஒன்று. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையை முகமாலையில் கண்டிருப்பீர்கள், அங்கேயும் காண்பீர்கள். பதினொரு வயதில் பட்டதெல்லாம் அந்தப் பலகையைக் கண்டவுடன் எழும்பி வரலாம். அதற்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை. உடம்பு மறக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது, வீட்டுக்கார அம்மாவைப் பற்றிப் போகிற போக்கில் எழுதிய வரிகள். அவர் சமைக்கிறார், தோய்க்கப் பார்க்கிறார், நாங்கள் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை என்று அதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தேடிப் போன வளர்ச்சி அந்த அம்மாவின் அடுப்படியில்தான் தொடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

லூக்கா 10ஆம் அதிகாரத்தை எடுத்து, ஊழியத்தில் நிற்கிற ஒருத்தியாக மெதுவாக வாசியுங்கள். இயேசு எழுபது பேரை அனுப்புகிறார். பணப்பை வேண்டாம், சாமான் பை வேண்டாம், பாதரட்சையும் வேண்டாம். ஒரு வீட்டில் தங்குங்கள், வீட்டுக்கு வீடு மாறாதீர்கள், முன்னால் வைப்பதைச் சாப்பிடுங்கள். நாங்கள் ஆட்களை அனுப்பும்போது பெட்டி நிறையக் கட்டிக் கொடுக்கிறோம். கலர் பென்சில், படப் புத்தகம், மருந்து, பிள்ளைகளுக்கு இனிப்பு. ஆண்டவரோ வெறுங்கையோடு அனுப்பினார். வெறுங்கையோடு போனவர்கள் அடுத்த நேரச் சாப்பாட்டுக்கு அந்த ஊர்ச் சனத்தைத்தான் நம்ப வேண்டும். இரவில் படுக்க ஒரு பாய்க்கும் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் அந்தச் சனத்தை மேலிருந்து கீழே பார்க்க மாட்டான். அனுப்பப்பட்டவர்களுக்கு ஆண்டவர் வைத்த முதல் பாடம் வாங்கிக்கொள்வதுதான். பிரசங்கம் அதற்குப் பிறகு வருகிறது.

இதை யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. வாங்குகிற பக்கத்தில் நின்று பழகிய சனம் நாங்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு வடமராட்சி கிழக்குக் கரைக்குக் குழுக் குழுவாக வந்தார்கள். 2009க்குப் பிறகும் வந்தார்கள். பலர் உண்மையாகவே உதவினார்கள், அவர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள். ஆனால் நிவாரணப் பொதியைக் கையில் தந்துவிட்டு, தாங்களும் பிடியை விடாமல், கமராவைப் பாருங்கள் என்று சொன்னவர்களும் வந்தார்கள். முகாமில் நீங்களும் அப்படி ஒரு வரிசையில் நின்றிருக்கலாம். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எங்கள் ஆட்கள் அன்போடு நினைப்பது யாரை? திண்ணையில் இருந்து பிளேன்ரீ குடித்தவரை, தன் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னவரை, நாங்கள் கொடுத்த பனங்கட்டியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போனவரை. அவர் என்ன பொதி கொண்டுவந்தார் என்பது மறந்துபோய்விட்டது.

நீங்கள் மானிப்பாய்ப் பிள்ளை. கிறீன் வைத்தியரின் பெயர் தாங்கிய ஆஸ்பத்திரி வாசலால் எத்தனையோ தரம் போய் வந்திருப்பீர்கள். சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்தவர். மேலைநாட்டு மருத்துவத்தை எங்கள் பெடியன்களுக்குத் தமிழிலேயே படிப்பிக்க வேண்டும் என்று முடிவெடுத்து, மாணவர்களின் துணையோடு மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். எலும்புக்கும் நரம்புக்கும் என்ன சொல் என்று தன்னிடம் படிக்க வந்தவர்களோடு இருந்துதான் அவர் தேட வேண்டியிருந்தது. படித்து முடித்த டொக்டர், மொழி விஷயத்தில் மாணவனாக இருந்தார். 1884இல் தன் ஊரில் இறந்த அந்த மனிதரின் கல்லறையில், தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்றுதான் எழுதியிருக்கிறது. கெமர் வாயில் நுழையவில்லை என்கிறீர்கள். நுழையத் தேவையில்லை, பிழையாகவே கதையுங்கள். பாலர் வகுப்புப் பிள்ளைகள் சிரிப்பார்கள், திருத்துவார்கள். ஊரில் நீங்கள் டீச்சர். அங்கே நாலு வயதுப் பிள்ளை உங்களுக்கு டீச்சர். பெருமையை அடக்கப் பெரிய உபவாசம் எதுவும் வேண்டாம், இதுவே போதும்.

யோசே வாஸ் அடிகளையும் நினைத்துப் பாருங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து குருவென்று யாருக்கும் தெரியாமல் ஏழைக் கூலி வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்த உடனேயே கடும் வயிற்றுளைச்சல். அந்த நிலையில் அவரைப் பராமரித்துக் கஞ்சி கொடுத்தது எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. போதிக்க வந்தவர் முதலில் கஞ்சி வாங்கிக் குடித்தார். பிறகு வீடு வீடாக இரந்து திரிந்து, மறைந்திருந்த விசுவாசிகளைத் தேடிப் பிடித்தார். 1711இல் கண்டியில் இறக்கும்வரை அவர் ஊர் திரும்பவில்லை. 2015இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தபோது எங்கள் பக்கத்திலிருந்தும் சனம் பஸ் பிடித்துப் போனது. அந்தக் கஞ்சி கொடுத்த கையின் பெயர் எங்களுக்குத் தெரியாது.

யாழ்ப்பாணம் ஆட்களை அனுப்புவதும் புதிதில்லை. 1900ஆம் ஆண்டளவில் இங்குள்ள கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களே காசு சேர்த்து, கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டுக் கரையிலுள்ள தொண்டிக்கு ஊழியரை அனுப்பினார்கள். 1902இல் இங்கு வந்த தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ ஊழியர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெள்ளைக்காரரை எதிர்பாராமல் தமிழரே இப்படிச் செய்வதைக் கண்டு மனம் அசைந்து போனார். அடுத்த வருடம் தமிழ்நாட்டுத் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அதே அசரியா 1910இல் எடின்பரோ மகாநாட்டில், மேலைநாட்டு மிஷனரிமார் நிறைந்த சபையில் எழுந்து, நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் என்று இரண்டு பக்கமாகவே இருந்தால் சிநேகிதம் வராது. உங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு நீங்கள் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று துடிக்க வேண்டாம். அவர் பக்கத்தில் இருந்து மரக்கறி வெட்டுங்கள். அவர்கள் சமையலில் சேர்க்கிற ப்ரஹொக் என்ற புளிக்கவைத்த மீனின் மணம் முதலில் தலையைச் சுற்ற வைக்கும். கருவாட்டுக் குழம்போடு வளர்ந்த உங்களுக்கு அது பெரிய தடையாக இராது. அவரிடம் செய்முறை கேளுங்கள். நாங்கள் கேட்டால்தான் தன்னிடமும் கொடுக்க ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

இனி, நீங்கள் வெட்கப்பட்டு எழுதியது.

வெட்கப்பட ஒன்றுமில்லை, பிள்ளை. யோனாவை ஆண்டவர் அனுப்பியது அவன் வெறுத்த நினிவேக்கு. ஓடிப் பார்த்தான், முடியவில்லை. அந்த ஊர் மனந்திரும்பியதும் கோபப்பட்டு, என்னைச் சாகவிடும் என்று ஆண்டவரிடமே சொன்னான். ஆண்டவர் அவனைத் துரத்தவில்லை, இருந்து கதை கேட்டார். நீங்கள் பார்க்கிற பிக்குமார் எங்களுக்கு ஒரு தீங்கும் செய்யாதவர்கள் என்பது உங்கள் புத்திக்குத் தெரியும். நெஞ்சுக்கு அது தெரியாது. நெஞ்சு காவி உடையைக் கண்டவுடன் செட்டிகுளத்துக்குப் போய்விடுகிறது. எங்களுக்கு நடந்ததை மறந்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நியாயம் கேட்பதை விடச் சொல்லவும் மாட்டேன். அந்த உடையைப் போட்ட எல்லாரையும் ஒரே முகமாகப் பார்க்கிற பழக்கம் இருக்கிறதே, அதைத்தான் ஆண்டவர் தொடுகிறார் என்று நினைக்கிறேன். மானிப்பாயில் இருந்திருந்தால் ஐந்து மணி ஜெபத்தில் இது ஒரு நாளும் மேலே வந்திராது. பட்டம்பாங் தெருவில் வந்துவிட்டது. விழுகிறேனோ என்று கேட்டீர்கள். இதுவரை மூடிக்கிடந்த காயம் வெளிச்சத்துக்கு வருவதை நான் விழுவது என்று சொல்ல மாட்டேன்.

அந்த நாட்டின் கதை கொஞ்சம் தெரிந்தால் உதவும். 1975 ஏப்ரல் 17இல் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் தலைநகர் புனோம் பென்னைப் பிடித்து, சில நாட்களில் நகரத்துச் சனம் முழுவதையும் தெருவில் நடக்க வைத்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களையும் விடவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்ததை உங்கள் அம்மா சொல்லியிருப்பார். யார் வெளியேற்றினார்கள், ஏன் என்பதெல்லாம் வேறு வேறு. தலையில் சாமானும் இடுப்பில் பிள்ளையுமாக நடந்த தாய்மாரின் கால் நோவு ஒன்றுதான். 1979 ஜனவரிவரை நீடித்த அந்த ஆட்சியில் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் இறந்தவர்கள் ஏறக்குறைய 17 இலட்சம் முதல் 20 இலட்சம்வரை என்று கணக்கிடுகிறார்கள். பிக்குமாரின் காவியைக் கழற்றி வயலில் வேலைக்கு விட்டார்கள், பலரைக் கொன்றார்கள், விகாரைகளைக் களஞ்சியமாகவும் சிறையாகவும் ஆக்கினார்கள். கிறிஸ்தவர்களுக்கும் அதே கதிதான். அங்கே காவி உடை பாதிக்கப்பட்டவர்களின் உடை. 1992இல், போர் இன்னும் முழுதாக ஓயாத நேரத்தில், மகா கோசானந்தா என்ற முதிய பிக்கு அகதிகளையும் கூட்டிக்கொண்டு சமாதான நடைப்பயணம் ஒன்றைத் தொடங்கி, பின் வந்த வருடங்களிலும் கண்ணிவெடி நிலங்களின் ஓரமாக நடந்தார். தன் குடும்பத்தாரை அந்த ஆட்சியில் இழந்தவர் அவர். கிறிஸ்தவப் போதகனாகிய நான் அவரை மனதார வணங்குகிறேன்.

வீட்டுக்கார அம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தால் அவர் அந்தக் காலத்தைக் கண்ட பிள்ளை. அவர் கதையைத் தோண்டாதீர்கள், அறிக்கைக்காக ஒரு நாளும் கேட்காதீர்கள். உங்கள் கதையை, தெரிந்த அரைகுறைக் கெமரில், நீங்கள் முதலில் சொல்லலாம். எங்கள் ஊரிலும் சண்டை நடந்தது, நான் சின்னப் பிள்ளை, முகாமில் இருந்தேன் என்று. அவர் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அவர் விருப்பம். காலையில் பிக்குமார் வரும்போது அவர் வாசலில் சோறு போடப் போவார் அல்லவா? ஒரு நாள் பக்கத்தில் போய் நில்லுங்கள். நீங்கள் போட வேண்டியதில்லை, கும்பிட வேண்டியதுமில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பாருங்கள், பாத்திரம் பிடித்திருக்கிற பெடியனின் முகத்தையும் பாருங்கள், அநேகமாகப் பதினாறு பதினேழு வயதுதான் இருக்கும். நெஞ்சு இறுகினால் இறுகட்டும். அன்று இரவு அதை அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள்.

ஜெபத்துக்கு வருகிறேன். ஊரில் அந்த ஐந்து மணி ஜெபத்தை உங்கள் வீடு முழுவதும் தாங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் தேத்தண்ணீர், பக்கத்துக் கோயில் மணி, தெரிந்த அறை, தமிழ்ச் சத்தம், சனிக்கிழமை ஓய்வு. அங்கே வெயிலில் நாள் முழுவதும் படிப்பித்து, விளங்காத மொழியைக் காது நிறையக் கேட்டு, ஒரே அறையில் இன்னும் இரண்டு பேரோடு படுக்கிறவளுக்கு அதே ஜெபம் வராது. வர வேண்டும் என்று ஆண்டவரும் எதிர்பார்க்க மாட்டார். எங்கள் யாழ்ப்பாணக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். மோட்டர் போட்டு அளவுக்கு மேல் இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறிவிடும். கொஞ்ச நாள் இறைப்பைக் குறைத்து, ஊற விட வேண்டும். அப்போஸ்தலர் ஊழியம் முடித்து வந்து செய்ததையெல்லாம் சொன்னபோது, தனித்த ஓரிடத்துக்குப் போய்ச் சற்று இளைப்பாறுவோம் வாருங்கள் என்றுதான் இயேசு கூப்பிட்டார். மாற்கு 6ஆம் அதிகாரம். சாப்பிடக்கூட நேரமில்லாமல் இருந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது.

ஆகவே ஒரு மணி நேரத்தை விடுங்கள். பத்து நிமிடம் வையுங்கள். சொந்தச் சொல் வராதபோது சங்கீதத்தைத் தமிழில் வாய்விட்டு வாசியுங்கள். 13ஆம் சங்கீதம் எதுவரைக்கும் என்று ஆண்டவரைக் கேட்கிறது. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஒரு ஆறுதல் வரிகூடக் கடைசியில் இல்லை. அப்படியான ஜெபத்தையும் சபை தன் ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். இரவில் படுக்கும்போது, இன்று எனக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள். நான் என்ன செய்தேன் என்ற கணக்கு வேண்டாம். கிழமையில் அரை நாள், குழுவோ வகுப்போ இல்லாமல், கையில் போனும் இல்லாமல் இருங்கள். இதைக் குழுத் தலைவரிடம் உரிமையோடு கேளுங்கள். ஞாயிறு ஆராதனையில் மொழிபெயர்ப்பவரைத் தேடி முன்னுக்கு இருக்காமல், பின்னுக்கு அந்த ஊர்ப் பாட்டிமாரோடு இருங்கள். விளங்காவிட்டால் விளங்காமல் இருக்கட்டும். முக்கியமாக, அந்தச் சபைப் போதகரிடம் போய், எனக்காக ஜெபியுங்கள் என்று கேளுங்கள். கையை உங்கள் தலையில் வைத்து அவர் கெமரில் ஜெபிக்கட்டும். நீங்கள் அவர்களுக்கு ஜெபிக்க வந்தவள் என்ற எண்ணம் அந்த நிமிடத்தில் கரைந்துவிடும்.

குழுவிலிருக்கும் அந்த ஒருவரைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை, நானும் அதிகம் சொல்லவில்லை. ஆறு பேர் ஒரு கூரையின் கீழ் மூன்று மாதம் இருந்தால் சட்டி கழுவுவதிலிருந்து பாட்டுத் தெரிவு வரைக்கும் சண்டை வரும். நேரே அவரிடம், ஒரு விஷயத்தை மட்டும், பழைய கணக்கை இழுக்காமல் சொல்லுங்கள். ஜெபக் கூட்டத்தில் ஜெபம் மாதிரி அவரைக் குத்தாதீர்கள். எங்கள் சபைகளில் அது ஒரு வியாதியாகவே இருக்கிறது.

அறிக்கை விஷயம் எனக்குச் சரியான மனவருத்தம். கம்போடியாவில் வீடு வீடாகப் போய் மதம் பரப்புவதையும், பொருள் கொடுத்து மதம் மாற்றுவதையும் அரசு தடை செய்திருக்கிறது. அந்தத் தடை இல்லாவிட்டாலும் நாங்கள் அப்படிச் செய்யக் கூடாது. பசித்தவனுக்குச் சோறு கொடுத்துவிட்டுப் பதிலுக்கு அவன் விசுவாசத்தைக் கேட்பது கேவலம். அப்படியிருக்க, கிழமைக்குக் கிழமை எத்தனை பேர் என்று கேட்கிறவர்கள், தாங்கள் என்ன கேட்கிறோம் என்று யோசிக்கவில்லை. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த முதல் அமெரிக்க மிஷனரிமாரில் எட்வர்ட் வாரன் இரண்டே வருடத்தில் நோயால் மெலிந்து, சுகம் தேடிப் போன நன்னம்பிக்கை முனையில் 1818இல் இறந்தார். ஜேம்ஸ் றிச்சட்ஸ் 1822இல் தெல்லிப்பழையில் இறந்தார். அவர்களிடம் கிழமை அறிக்கை கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? அவர்கள் காலடி வைத்த ஊர்களில்தான் இன்று உங்கள் சபை இருக்கிறது.

எழுபது பேரும் திரும்பி வந்து, பிசாசுகளும் எங்களுக்குக் கீழ்ப்படிகின்றன என்று சந்தோஷமாக அறிக்கை கொடுத்தபோது, அதற்காகச் சந்தோஷப்படாதீர்கள், உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருப்பதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்றார் இயேசு. அதே லூக்கா 10தான். இந்த வசனத்தைக் காட்டி ஊருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இங்கே ஒருவரும் சபையில் சேரவில்லை, நான் மொழி பழகுகிறேன், ஒரு பௌத்தத் தாய் என்னைத் தன் பிள்ளை மாதிரிப் பார்க்கிறார், ஜெபிக்கக் கஷ்டமாயிருக்கிறது, எனக்காக ஜெபியுங்கள் என்று உண்மையை எழுதுங்கள். பென்சன் காசில் உங்களுக்காக ஒதுக்கித் தந்த அம்மாமார் உங்கள் சபையில் இருப்பார்கள். அவர்களுக்கு எண்ணிக்கை வேண்டாம், பிள்ளை எப்படியிருக்கிறாள் என்றுதான் தெரிய வேண்டும். அந்த ஊர்ப் பிள்ளைகளின் படத்தை அனுப்பாதீர்கள். அனுப்பியே ஆக வேண்டுமானால் தாய் தகப்பனிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பிக்குமாரைக் கண்டு நெஞ்சு இறுகுவதைக் கடிதத்திலும் மேடையிலும் சொல்ல வேண்டாம். அது உங்களுக்கும் ஆண்டவருக்கும், தேவையானால் ஒரு துணையாளருக்கும் இடையில் இருக்கட்டும். யாரும் அதைப் பிரசங்கத்துக்கு எடுக்க விடாதீர்கள்.

கடைசியாக, திரும்பி வரும் காலத்தைப் பற்றி இப்போதே சொல்லிவைக்கிறேன். வந்த முதல் ஞாயிறே உங்களை முன்னுக்குக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொல்வார்கள். ஒரு மாதம் தவணை கேளுங்கள். வந்த புதிதில் வீட்டில் எல்லாம் ஒரு மாதிரியாக இருக்கும். குழாயில் தண்ணீர் வீணாகப் போவதைக் கண்டால் கோபம் வரும், சபைக் கூட்டத்தில் நாற்காலிக்குச் சண்டை பிடிப்பதைக் கேட்க எரிச்சல் வரும், அங்கே விட்டு வந்தவர்களை நினைத்து அழுகை வரும். போய் வருகிற எல்லாருக்கும் இது வருவதுதான். குழுவின் ஆறு பேரும் அந்த மாதத்துக்குள் ஒரு முழு நாள் ஓரிடத்தில் கூடி, மேடையில் சொல்ல முடியாததையெல்லாம் உங்களுக்குள் கதைத்து முடியுங்கள். கூப்பிட்டால் அந்த நாளுக்கு நானும் வருகிறேன். உங்கள் போதகர் முதல் ஞாயிறேதான் வேண்டும் என்று நின்றால் இந்தப் பதிலை அவருக்குக் காட்டுங்கள். தேவையானால் நானே அவரோடு கதைக்கிறேன்.